நெடுந்தூர ஓட்டத்தின் விஞ்ஞானம்

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை முதலில் சமவெளியில் ஓடி, பங்காருபாளையத்தைக் கடந்தபின் மொகிலி மலைச்சாலையில் ஏறி, பலமனேரை அடைகிறது. சித்தூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்திலும், பலமனேர் சுமார் 680 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட சாலையின் நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மராத்தான் பந்தயத்தின் தூரமாகிய 42.195 கிலோமீட்டருக்கு இது மிகவும் நெருங்கியதாகும். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை பலமனேர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சமவெளியின் கோடையைத் தாங்க இயலாத அக்காலத்து அதிகாரிகள் குளிர்ச்சியை நாடி இவ்வூருக்கு வந்து தங்குவது வழக்கமாயிருந்தது.

காவல் துறையிலோ இராணுவத்திலோ சேர விரும்பும் இளைஞர்கள் ஓட்டத் தேர்வில் வெற்றி பெற்றாக வேண்டும். ஆகவே, சிற்றூர்களின் சாலைகளிலும் பள்ளி மைதானங்களிலும் விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்களைக் காண்பது அரிதன்று. மேட்டுநிலத்தில் வாழ்பவர் ஓட்டத்தில் வல்லவராவர் என்ற கருத்து அவர்களிடையே பரவியுள்ளது. கென்யா, எத்தியோப்பியா ஆகிய நாட்டினர் ஈட்டும் வெற்றிகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. பலமனேரின் உயரம் அங்கு ஓடிப் பழகுவோருக்கு உண்மையில் துணை செய்கிறதா? செய்கிறதெனில் எவ்விதத்தில்? இவ்வினாவிற்கு விடை காண, ஓடும் மனிதனின் உடலில் நிகழ்வன யாவை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

சக்தியின் கணக்கு

சமதரையில் ஓடும் மனிதன், தன் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும், ஒரு கிலோமீட்டர் தூரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி சக்தியைச் செலவிடுகிறான். வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இத்தொகை பெரிதும் மாறுவதில்லை. அச்சக்தியை எவ்வளவு விரைவாகச் செலவிட வேண்டும் என்பதே மாறுகிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனை எடுத்துக்கொண்டால், மராத்தான் தூரத்தை ஓடி முடிக்க அவனுக்கு ஏறத்தாழ 2,500 கிலோகலோரி தேவைப்படும். சித்தூரிலிருந்து மேல்நோக்கிப் பலமனேருக்கு ஓடுவானாயின், 350 மீட்டர் உயரம் ஏறுவதற்கென மேலும் 200 கிலோகலோரி அளவில் செலவாகும்.

இச்சக்தி முழுவதும் ஓட்டமாக மாறுவதில்லை. தசை என்னும் இயந்திரம், தான் எரிக்கும் எரிபொருளில் நான்கில் ஒரு பங்கையோ அதனினும் குறைவாகவோதான் வேலையாக மாற்றுகிறது. எஞ்சியது உஷ்ணமாக வெளிப்படுகிறது. இவ்வுஷ்ணமே பின்னர் ஓடுவோனின் தலையாய எதிரியாக அமைகிறது.

பிராணவாயுவும் மூன்று அளவுகளும்

தசைகள் நெடுநேரம் உழைக்க வேண்டுமாயின் பிராணவாயு இடைவிடாது கிடைத்தாக வேண்டும். 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஆங்கில விஞ்ஞானி ஆர்ச்சிபால்டு ஹில், ஓடுவோர் வெளிவிடும் காற்றை முதுகிற் கட்டிய பையில் சேகரித்து, அவர்கள் உட்கொண்ட பிராணவாயுவின் அளவைக் கணக்கிட்டார். சோதனைகளில் அவர் தாமும் ஓடினார். வேகம் அதிகரிக்க அதிகரிக்கப் பிராணவாயு நுகர்வும் அதிகரிக்கிறது. ஆயினும் ஓர் எல்லையை அடைந்தபின் அது மேலும் உயர்வதில்லை என்று அவர் கண்டார். இவ்வெல்லை உச்சப் பிராணவாயு நுகர்வு எனப்படுகிறது. பயிற்சியற்ற இளைஞனுக்கு இது, உடல் எடையின் ஒரு கிலோவிற்கு, நிமிடத்திற்கு 40 முதல் 45 மில்லிலிட்டர் வரை இருக்கும். உலகின் முன்னணி ஓட்டக்காரர்களுக்கு 70 முதல் 85 வரை இருப்பதுண்டு. இவ்வேறுபாட்டிற்கு முதற் காரணம் இருதயமே. சாதாரண இளைஞனின் இருதயம் கடும் உழைப்பின்போது நிமிடத்திற்குச் சுமார் 20 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. தேர்ந்த ஓட்டக்காரனின் இருதயம் 35 லிட்டர் வரையிலும் செலுத்த வல்லது.

எனினும் உச்ச நுகர்வு ஒன்றே வெற்றியை நிர்ணயிப்பதில்லை. அந்த உச்சத்தில் எத்தனை பங்கை ஒருவன் மணிக்கணக்கில் தாங்க இயலும் என்பது இரண்டாவது அளவு. குறிப்பிட்ட ஒரு வேகத்தைக் கடந்தால் இரத்தத்தில் லாக்டேட் விரைந்து பெருகத் தொடங்கும். லாக்டேட் வெறும் கழிவுப்பொருள் என்றும் அதுவே களைப்பின் காரணம் என்றும் முன்னர் கருதப்பட்டது. இருதயமும் தசைகளும் அதையே எரிபொருளாகவும் பயன்படுத்துகின்றன என்பது இன்று தெளிவு. ஆயினும் அதன் பெருக்கம், நெடுநேரம் நீடிக்க இயலாத வேகத்தை ஓடுவோன் எட்டிவிட்டான் என்பதற்கு நம்பத்தக்க அறிகுறியாகும். மூன்றாவது அளவு ஓட்டச் சிக்கனம். ஒரே வேகத்தில் ஓடும் இருவரில் குறைந்த பிராணவாயுவைச் செலவிடுபவன், குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் செல்லும் வண்டியை ஒத்தவன்.

இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவருக்கு இந்தியாவிலேயே சிறந்த சான்று உண்டு. வெறுங்காலுடன் ஓடுவதிற் பெயர் பெற்ற இராணுவ வீரர் சிவநாத் சிங், 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக் மராத்தானில் 11-ஆவது இடத்தைப் பெற்றார். 1978-ஆம் ஆண்டு ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மராத்தானை ஓடி முடித்தார். அந்தத் தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படாமல் நின்றது. அவ்வோட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 19 கிலோமீட்டருக்கும் அதிகம். ஒவ்வொரு கிலோமீட்டரும் 3 நிமிடம் 8 விநாடி அளவில் முடிந்துள்ளது. அவ்வேகத்திற்கு, உடல் எடையின் ஒரு கிலோவிற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 65 மில்லிலிட்டர் பிராணவாயு தேவை. பயிற்சியற்ற இளைஞன் ஒரு நிமிடம்கூட எட்ட இயலாத அந்த நுகர்வு இரண்டு மணி நேரத்திற்கு மேல் இடையறாது தொடர்ந்திருத்தல் வேண்டும்.

எரிபொருள்

தசைகள் முக்கியமாக மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரிக்கின்றன. மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்னும் உருவில் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. இதன் மொத்த அளவு ஏறத்தாழ 500 கிராம். இதனால் கிடைக்கும் சக்தி சுமார் 2,000 கிலோகலோரி. மெலிந்த மனிதனின் உடலிலும் கொழுப்பின் சேமிப்பு இதைப் போல் பல மடங்காகும். ஆனால் கொழுப்பு மெதுவாகவே எரிகிறது. ஒவ்வொரு லிட்டர் பிராணவாயுவிற்கும் அது தரும் சக்தியும் சற்றுக் குறைவு. ஆகவே வேகமாக ஓடுவோன் மாவுச்சத்தையே பெரிதும் நம்பியுள்ளான். மராத்தானின் 30 கிலோமீட்டரைக் கடந்தபின் பலர் திடீரெனத் தளர்ந்துவிடுவதற்கு இச்சேமிப்பு தீர்ந்துபோவது ஒரு முக்கியக் காரணம்.

1960-களில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மெல்லிய ஊசியினால் தசையின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து இதை நிறுவினர். 1967-ஆம் ஆண்டு வெளியான அவர்களது முடிவுகளின்படி, மாவுச்சத்துக் குறைந்த உணவை உண்டவர்கள் கடும் உழைப்பை ஒரு மணி நேர அளவே தாங்கினர். கலப்புணவு உண்டவர்கள் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாகவும், மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டவர்கள் இரண்டே முக்கால் மணி நேர அளவும் தாங்கினர்.

இதற்கென விலையுயர்ந்த உணவுகளைத் தேட வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வரும் கேழ்வரகுக் களியே தகுந்த உணவாகும். 100 கிராம் கேழ்வரகில் 70 கிராம் அளவிற்கு மாவுச்சத்தும், 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கால்சியமும் உண்டு. அதனுடன் உண்ணும் நிலக்கடலைத் துவையல் புரதத்தைத் தருகிறது. எனினும் களி மெதுவாகச் செரிக்கும் உணவாதலால், அதை ஓட்டத்திற்குச் சற்று முன்னர் உண்ணாமல் முந்தைய நாள் உண்பதே முறை.

உயரம் செய்வதும் செய்யாததும்

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதற்கேற்பச் சுவாசத்திற் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. 1968-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் நடைபெற்றபோது இதன் விளைவை உலகம் கண்டது. மெலிந்த காற்றின் தடை குறைந்ததால் குறுந்தூர ஓட்டங்களிலும் தாண்டுதலிலும் சாதனைகள் பல நிகழ்ந்தன. நெடுந்தூர ஓட்டங்களோ மந்தமாயின. 10,000 மீட்டர் ஓட்டத்தில் வென்ற கென்யாவின் நப்தாலி தெமு எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடத்திற்கும் அதிகம். உயர்நிலங்களிற் பிறந்து வளர்ந்தவர்களே அப்பந்தயங்களில் முன்னின்றனர்.

தமிழ்நாட்டின் உதகமண்டலமும் ஏறக்குறைய அதே 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்திய ஓட்டக்காரர்களுக்கான பயிற்சி முகாம்கள் அங்கு நடத்தப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அவ்வுயரத்தில் மூன்று நான்கு வாரங்கள் தங்கினால், சிறுநீரகங்கள் எரித்ரோபாயிட்டின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. ஆனால் மெலிந்த காற்றில் வேகமாக ஓடிப் பழகுவது கடினம். உயரத்தில் வாழ்ந்து, தாழ்ந்த இடத்திற்கு இறங்கிப் பயிற்சி செய்தால் இரு நன்மைகளும் கிட்டும் என்று 1997-ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் ஆகியோர் காட்டினர். அவர்களது சோதனையில் ஓட்டக்காரர்கள் 2,500 மீட்டர் உயரத்தில் வசித்து 1,250 மீட்டர் உயரத்தில் பயின்றனர்.

பலமனேரின் நிலை வேறு. கடல் மட்டத்தோடு ஒப்பிட உதகமண்டலத்தில் காற்றின் அழுத்தம் நான்கில் ஒரு பங்கு அளவிற்குக் குறைகிறது. பலமனேரிலோ ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கே குறைகிறது. இச்சிறு குறைவு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவை ஏற்பதைப் பெரிதும் பாதிப்பதில்லை. சிவப்பணுக்களைப் பெருக்கவும் இது போதாது. ஆகவே கென்யாவின் உயர்நிலங்கள் தரும் நன்மையைப் பலமனேர் தருமென எதிர்பார்த்தல் தவறு.

இரத்தத்தின் வலிமைக்கு வேறொரு வழி அருகிலேயே உள்ளது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருப்பின் அது 20 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கிறது. 10 கிராமே இருப்பின் 13 மில்லிலிட்டர் அளவையே சுமக்கிறது. எம்மலையும் தர இயலாத அளவு பெரிய வேறுபாடு இது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 25 பேரும் இரத்தச்சோகை உள்ளவர்கள். பயிற்சியில் முன்னேற்றம் காணாத இளம் பெண்ணோ இளைஞனோ, தமக்கு ஊக்கம் குறைவென்று எண்ணி வருந்துமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்தறிவது நலம். கீரை, பயறு வகைகளுடன் எலுமிச்சை, நெல்லி போன்றவற்றையும் சேர்த்துண்டால் இரும்புச் சத்து நன்கு உடலிற் சேரும். உணவுடன் தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். இரும்பு மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளுதல் கூடாது.

உஷ்ணம் என்னும் எதிரி

மேற்கூறிய 60 கிலோ எடையுள்ள இளைஞன் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளலாம். அவன் மணிக்கு 720 கிலோகலோரி செலவிடுகிறான். அதில் 580 அளவு உஷ்ணமாகிறது. அவனது உடலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 50 கிலோகலோரி போதும். உஷ்ணம் வெளியேற வழியில்லையாயின், ஐந்து நிமிடத்திற்கு ஒரு டிகிரி வீதம் அவன் உடல் சூடேறும். அரைமணி நேரத்திற்குள் உயிருக்கு அபாயம் நேரும். அவ்வாறு நேராமற் காப்பது வியர்வையே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக மாறும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் சொட்டி வீழும் வியர்வையால் பயனில்லை. புழுக்கம் மிகுந்த கடற்கரை நகரங்களில் ஓடுவது கடினமாயிருப்பதற்குக் காரணம் இதுவே.

உஷ்ணத்தை வெளியேற்ற இரத்தம் தோலை நோக்கிப் பாய வேண்டும். ஓடுவதற்கோ அதே இரத்தம் தசைகளுக்குத் தேவை. வியர்வையால் நீர் குறையக் குறைய இவ்விரு தேவைகளையும் நிறைவேற்ற இருதயம் மேலும் விரைந்து துடிக்கிறது. வேகம் தானே குறைகிறது. மராத்தான் ஓட்டத்திற்கு மிகவும் ஏற்ற உஷ்ணநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டியது என்று கண்டறியப்பட்டுள்ளது. தென்னிந்தியச் சமவெளியில் எம்மாதத்திலும் அது வாய்ப்பதில்லை.

பலமனேரின் உண்மையான நன்மை இங்குதான் உள்ளது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் உஷ்ணநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். இதன்படி சித்தூரைவிடப் பலமனேர் இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகமாகவே குளிர்ந்திருக்கும். பண்டைய அதிகாரிகள் நாடிய இக்குளிர்ச்சியே ஓடுவோனுக்கும் துணை. விடியற்காலையின் குளிர்ச்சியும் இத்துடன் சேர்ந்தால், நண்பகற் சமவெளியோடு ஒப்பிடக் கிடைக்கும் வேறுபாடு மிகப் பெரிது.

இதை அலட்சியம் செய்ததன் விளைவுகள் வரலாற்றில் உள்ளன. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தான் கடும் வெயிலில் நடைபெற்றது. போர்ச்சுகல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ ஓடும்போதே வீழ்ந்து மறுநாள் இறந்தார். வெயிலிலிருந்து தோலைக் காக்க அவர் உடலெங்கும் மெழுகு பூசியிருந்தார் என்று கூறப்படுகிறது. அது வியர்வையின் வழியை அடைத்துவிட்டது. நம் நாட்டிலும் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்டு மாநிலத்தில் ஆயத்தீர்வைக் காவலர் தேர்விற்கான 10 கிலோமீட்டர் ஓட்டத்தின் தொடர்பாகப் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். ஒவ்வொரு மரணத்திற்கும் காரணம் ஒன்றே எனக் கூற இயலாது. எனினும் தேர்வைச் சில நாட்கள் நிறுத்தி வைத்த அரசு, காலை 9 மணிக்குப் பின் ஓட்டம் நடத்தலாகாது என்று பணித்தது கருதத்தக்கது.

ஓடுவோன் தள்ளாடினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, மயங்கினாலோ அதை உஷ்ணத் தாக்குதலாகவே கருத வேண்டும். அவன் உடல் வியர்த்திருப்பதால் அபாயமில்லை என்று எண்ணுதல் பிழை. உடனே நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் கழுத்தளவு அமர்த்தித் தாங்கிப் பிடித்தல் வேண்டும். தொட்டி இல்லையெனில் இடைவிடாது நீரூற்றி விசிற வேண்டும். 108 ஊர்தியை அழைக்க வேண்டும். அது வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தலாகாது. நினைவிழந்தவன் வாயில் நீர் புகட்டுதல் கூடாது.

நீரை அளவின்றிப் பருகுவதும் தீங்கே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் நூற்றுக்கு 13 பேருக்கு இரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. தாகத்திற்கேற்பப் பருகுவதே பெரும்பாலோர்க்குப் பாதுகாப்பான விதி.

ஏற்றமும் இறக்கமும்

மலைச்சாலையில் மேலேறும் ஓட்டம், வேகம் குறைந்திருப்பினும், இருதயத்திற்கு நல்ல பயிற்சி. இறக்கத்தில் சக்திச் செலவு குறைவு. ஆனால் தொடைத் தசைகள் சுருங்க முயலும்போதே இழுபட்டு நீள்வதால் அவற்றின் நுண்ணிய நார்கள் சிதைவுறுகின்றன. அடுத்த இரண்டு நாட்கள் நீடிக்கும் வலி இதனால் விளைவதே. சிறு இறக்கங்களில் தொடங்கிப் படிப்படியாகப் பழகினால் தசைகள் இதைத் தாங்கும் வலிமை பெறும். போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலையைவிட ஊர்ப்புறப் பாதைகளே இப்பயிற்சிக்கு உகந்தவை.

பயிற்சியின் முறை

1967-ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹாலோசி, தொடர்ந்து ஓடப் பழக்கப்பட்ட எலிகளின் தசைகளில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இரு மடங்காவதைக் கண்டார். மனிதத் தசையிலும் இத்தகைய மாறுதல் நிகழ்கிறது. ஆனால் அதற்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். தேர்வுத் தேதி அறிவிக்கப்பட்டபின் பத்தே நாட்களில் உடலை வருத்துபவன் பெறுவது திறனன்று, காயமே.

பயிற்சியின் பெரும்பகுதி, உடன் ஓடுபவருடன் தடையின்றி உரையாடக்கூடிய வேகத்திலேயே அமைதல் வேண்டும். வாரத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் விரைந்த ஓட்டம் போதும். தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். காய்ச்சலின்போதும் அதை அடுத்த நாட்களிலும் ஓடலாகாது. தேர்வு வெப்பமான ஊரில் நடைபெறுமாயின், பலமனேரின் குளிர்ச்சியிற் பழகியவன் இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே இளவெயிலில் சிறிது சிறிதாக ஓடிப் பழகுதல் அவசியம். அக்காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை விரைவில் தோன்றுகிறது. அதில் கழியும் உப்பும் குறைகிறது. மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் இளைஞனுக்கு இவ்விரண்டு வாரங்கள் பெரும் பாதுகாப்பாகும். பந்தயத்தில் சில விநாடிகளை மிச்சப்படுத்துவது மட்டுமன்றி, சில வேளைகளில் அவன் உயிரைக் காப்பதும் அப்பழக்கமேயாகும்.